பாரணை இல்லாத விரதம்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 34. காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். பர்கூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலை 7 மணிக்கு வேன் வந்துவிடும். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 5. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

பையன் பிறந்த பிறகு, 58 கிலோ இருந்த நான் 71 ஆகிவிட்டேன். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் போட்டோ எடுக்கும்போது, "நீ ஓரமா நில்லு, உன்னைச் சேர்த்தா மத்தவங்க தெரிய மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமையே முருகனுக்கு விரதம் ஆரம்பித்தேன். பிறகு வெள்ளி. பிறகு சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். போன வருடம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, மற்ற நாளிலும் மதியம் 2 மணி வரை எதுவும் சாப்பிடுவதில்லை. செவ்வாய், வெள்ளியில் பால் மட்டும். இப்படியே மூன்று வருடம் ஆகிவிட்டது.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாலு ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு அடுப்படிக்குப் போகிறேன். விளக்குப் போடுவதில்லை. நின்றபடியே சட்டியில் இருக்கும் மிச்சச் சோறு, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த நிப்பட்டு, ரஸ்க், வெல்லம் என்று கையில் கிடைப்பதை எல்லாம் தின்கிறேன். வயிறு வலிக்கும் வரை நிறுத்த முடிவதில்லை. காலையில் என் மேலேயே அருவருப்பாக இருக்கும். அன்றைக்கு விரதத்தை இன்னும் கடுமையாக்கிவிடுவேன். மாமியாரோ, "எங்க மருமக மாதிரி பக்தி யாருக்கு வரும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார். கேட்கும்போது அழுகை வருகிறது.

எடை இப்போது 73. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் பார்த்தபோது ரத்தம் 9.2. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். முடி கொட்டுகிறது. போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தாள். கேட்டால், "எனக்கும் செவ்வாய்க்கிழமை விரதம்மா, குண்டாயிடக் கூடாதுல்ல" என்கிறாள்.

விரதத்தை விட்டால் தெய்வக் குற்றமா? ராத்திரி தின்பதை அடக்க என்ன வழி? நான் சாமியை ஏமாற்றுகிறேனா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விளக்குப் போடுவதில்லை, நின்றபடியே தின்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எடை 73 என்பதையும் ரத்தம் 9.2 என்பதையும் பிறகு பார்ப்போம், இரண்டுக்கும் வழி இருக்கிறது. அந்த இருட்டு அடுப்படியிலிருந்து உங்களை வெளியே கூட்டி வருவதுதான் முதல் வேலை.

தருமபுரியில் 22 ஆண்டுகளாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். ராத்திரி தின்பதை நிறுத்த வேண்டும் என்று வரும் பெண்களிடம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். "காலையில ஒண்ணுமில்லீங்க, டீ மட்டும்" என்பார்கள். மதியம்? "வேலை இருந்துச்சு, ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டேன்." அப்புறம் ராத்திரி நடந்ததைச் சொல்லும்போது தலை குனிந்துவிடும். குனிய வேண்டிய தேவையே இல்லை. பகலில் கொடுக்காத கூலியைத்தான் உடம்பு ராத்திரியில் கேட்கிறது.

சாப்பிட்டதில் மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரல் கொஞ்சம் சேர்த்து வைக்கும். மொத்தம் 100 கிராம் அளவுதான் இருக்கும். இரண்டு வேளைக்கு நடுவில் மூளைக்குப் படியளப்பது இந்தச் சேமிப்பு. நீங்கள் தூங்கி எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வேனில் ஏறி, மதியம் வரை மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அது கரைந்துகொண்டே வருகிறது. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோன் பசியை மூளைக்குச் சொல்கிறது. நீங்கள் கேட்காததுபோல் இருக்கிறீர்கள். பசி அலை அலையாக வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கினாற்போலத் தெரியும். "பசி போயிடுச்சு, பழகிடுச்சு" என்று நினைத்துக்கொள்வோம். அது போகவில்லை. வேலை ஓய்ந்து, வீடு அடங்கி, உங்களைக் கூப்பிட யாரும் இல்லாத அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறது.

இதை மனவுறுதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது. பட்டினியில் வாடும் மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிவதற்காக 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். உயிரைக் கொல்ல மாட்டோம் என்ற கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். ஊரே ஏசியபோதும் கொள்கையை விடாத அவர்களிடம் மனவுறுதிக்குப் பஞ்சமில்லை. 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். நாளாக ஆக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து படுத்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்தது தெரியவில்லை, எவ்வளவு உண்டாலும் போதவில்லை. அந்த இளைஞர்களுக்கு நேர்ந்ததுதான் உங்கள் அடுப்படியில் நேர்கிறது. நீங்கள் கெட்டவர் இல்லை, தங்கச்சி. பசித்திருக்கிறீர்கள்.

வீடியோவில் நோபல் பரிசைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது உண்மை. செல் தன் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்துவது எப்படி என்று அவர் கண்டுபிடித்தார். அதை அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டில், மாவைப் புளிக்க வைக்கும் அந்த நுண்ணுயிரில். மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பரிசு அல்ல அது. எடைக் கணக்கும் இருக்கிறது. சீனாவின் குவாங்சௌ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் உணவின் அளவு ஒரே மாதிரி குறைக்கப்பட்டது. ஒரு பாதிப் பேர் எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்தார்கள், மறுபாதிக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முன்னவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது, பின்னவர்களுக்கு 6.3. புள்ளியியல் கணக்கில் அதை வேறுபாடு என்று சொல்வதற்கில்லை. கடிகாரத்தைப் பார்த்து உண்பது சிலருக்கு வசதியாக இருக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு அது வசதியும் இல்லை, பலனும் இல்லை. மூன்று வருடத்தில் 71 என்பது 73 ஆகியிருக்கிறது.

விரதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சாஸ்திரம் படித்தவள் இல்லை. விரதம் இருக்கும் வீட்டில் வளர்ந்தவள்.

எங்கள் ஆயா வீடு பென்னாகரம் பக்கம். மழை பொய்க்கும் பூமி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அரிசிச் சோறு நாள் கிழமைக்குத்தான், மற்ற நாளெல்லாம் களியும் கூழும். புரட்டாசிச் சனிக்கிழமை ஆயா விரதம் இருப்பாள். விடியலிலேயே வீடு மெழுகியாகிவிடும். நாங்கள் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு "கோவிந்தா" என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வருவோம். அந்த அரிசியும் சேர்ந்துதான் உலையில் விழும். உச்சிப் பொழுதுக்குச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, பூசணிப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் படைத்து, காக்காய்க்கு ஒரு பிடி வைத்து, அது வந்து கொத்துகிற வரைக்கும் கூரையையே பார்த்துக்கொண்டிருப்போம். அதற்கப்புறம் இலை போடுவார்கள்.

மற்ற நாளில் ஆயா சாப்பிட்டு நான் பார்த்ததே அபூர்வம். தாத்தா, மாமாமார், பிள்ளைகள், ஏர் ஓட்ட வந்தவர்கள் எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடி வாயில் போட்டுக்கொள்வாள். விரத நாளில் மட்டும் அவளுக்கென்று ஒரு இலை விழும். விரதம் இருந்தவர்கள் முதலில் உட்கார வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தாத்தாவே தண்ணீர் மொண்டு வைப்பார். "நல்லா வாங்கிச் சாப்பிடு" என்பார். வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் அவர் வாயிலிருந்து வந்த சொல் அது. அரை நாள் பசியைக் கொடுத்து ஆயா வாங்கிக்கொண்டது அந்த முதல் பந்தியைத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வீட்டில் கடைசியாக உண்ணும் பெண்ணை ஒரு நாளாவது முதலில் உட்கார வைத்த விரதத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஏகாதசி இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மறுநாள் துவாதசியில் விரதத்தை முடித்து உண்பதற்குப் பாரணை என்று பெயர், அதற்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். துவாதசி திதி போவதற்குள் உண்டாக வேண்டும். பாரணை தப்பினால் விரதம் நிறைவேறவில்லை என்பார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து என்னிடம் வரும் முஸ்லிம் பெண்களும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: சூரியன் மறைந்ததும் நோன்பைத் திறந்துவிட வேண்டும், வேண்டுமென்றே தள்ளிப்போடுவதில் நன்மை இல்லை. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முன்னாலேயே தயாராக இருக்கும், வீடே கூடி உட்கார்ந்திருக்கும். உணவை விட்டு விலகுவதற்கு எத்தனை ஒழுங்கு உண்டோ, அதனிடம் திரும்பி வருவதற்கும் அத்தனை ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் விரதத்தில் பாரணை எங்கே, தங்கச்சி? செவ்வாய்க்கிழமை பாலோடு படுக்கப் போகிறீர்கள். எல்லாரும் தூங்கின பிறகு, யாருக்கும் தெரியாமல், இலையும் விளக்கும் இல்லாமல், திருடுவதுபோல் உங்கள் வீட்டுச் சோற்றையே தின்கிறீர்கள். நீங்கள் முருகனுக்காக ஆரம்பித்த விரதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அது ஆரம்பித்த இடம் நாத்தனார் வீட்டுப் போட்டோ. ஓரமாக நில் என்று அன்று அவர்கள் சொன்னார்கள். மூன்று வருடமாக நீங்களே அதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், சாப்பாட்டிலிருந்தும் ஓரமாக நில் என்று. அந்தச் சொல் உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வலிக்குப் பக்தி என்று பெயர் வைத்ததால்தான் யாராலும் அதைப் பார்க்க முடியாமல் போய்விட்டது.

நீங்கள் சாமியை ஏமாற்றவில்லை. விட்டால் தெய்வக் குற்றமும் இல்லை. குழந்தைக்கும் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் விலக்குக் கொடுக்காத விரதம் எந்த மதத்திலும் நான் பார்த்ததில்லை. ரத்தம் 9.2 இருக்கும் நீங்கள் அந்த விலக்குக்கு உரியவர்.

ஆகவே, இன்று முதல் ஆறு மாதம் எல்லா விரதத்தையும் நிறுத்துங்கள். செவ்வாயும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம், வீடியோவில் பார்த்ததும் வேண்டாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேனே என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். உங்கள் உடம்பு இப்போது உங்களை நம்பவில்லை. வேளைக்குச் சோறு வரும் என்று அது மறுபடி நம்புகிற வரைக்கும் இடையில் ஒரு நாள்கூடப் பொய்க்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை வெறுமையாகத் தெரியும், அது நியாயம்தான். நம் பக்கத்துப் பாட்டிமார் வைத்திருந்த பிடி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்களே, அது. செவ்வாயும் வெள்ளியும் குளித்து விளக்கேற்றி, ஒரு பிடி போட்டு, மாதக் கடைசியில் ஊர்க் கோயில் அன்னதானத்துக்கோ கஷ்டப்படும் வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். மகளும் ஒரு பிடி போடட்டும். முருகனுக்கு நீங்கள் கொடுக்க நினைத்த சோறு ஒரு வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

சாப்பாட்டைச் சொல்கிறேன். 7 மணி வேன் என்பதால், பிள்ளைகளுக்குச் சமைக்கும்போதே ஆறரைக்குள் நீங்கள் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். இரண்டு இட்லி போதும், ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் போதும். இத்தனை நாள் காலையில் சாப்பிடாத வயிறு முதல் வாரம் மறுக்கும், குமட்டுவதுபோல் இருக்கும். அரை சொம்பிலிருந்து ஆரம்பியுங்கள். பத்து மணி டீ இடைவேளையில் ஒரு வாழைப்பழமோ ஒரு பிடி வேர்க்கடலையோ. மதியம் வயிறு நிறையச் சோறும் குழம்பும் காயும், இருந்தால் ஒரு முட்டையும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு சுண்டல், கொள்ளோ பயறோ மொச்சையோ. ராத்திரி 8 மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பாடு. களி கிண்டிக் கீரைக் கடைசலோடு சாப்பிடுங்கள், சோறும் சாப்பிடுங்கள். அரிசியைப் பகையாளி ஆக்காதீர்கள். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. அதனால் களி நல்லது என்று சொல்கிறேனே தவிர, சோறு கெட்டது என்பதற்காக அல்ல.

மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இருக்காதீர்கள். பசித்தால்தான் சாப்பிட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். உங்களுக்கு இப்போதைக்கு அந்த யோசனை ஒத்துவராது, பசியின் குரலை நீங்கள் வெகுநாள் அமுக்கி வைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நாள் கடிகாரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

நிப்பட்டை ஒளித்து வைக்காதீர்கள். சாயங்காலம் இரண்டு நிப்பட்டை ஒரு தட்டில் வைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து, வெளிச்சத்தில் சாப்பிடுங்கள். பகலில் கிடைக்கும் என்று தெரிந்த பொருளுக்கு ராத்திரியில் அந்த வெறி இருக்காது. முதல் வாரம் பயமாக இருக்கும். என்னிடம் வந்த பல பெண்கள் இந்த இடத்தில்தான் அழுதிருக்கிறார்கள், தட்டில் இரண்டு தின்பண்டம் வைத்துக்கொண்டு நாலு பேர் பார்க்க உட்காருவது அத்தனை கஷ்டமாக இருந்தது அவர்களுக்கு.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒரு ராத்திரி கால் அடுப்படிக்குப் போகும். போனால் விளக்கைப் போடுங்கள். தட்டை எடுங்கள், சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எவ்வளவு வேண்டுமோ சாப்பிடுங்கள், நான் அளவு சொல்ல மாட்டேன். மறுநாள் காலை ஆறரைக்கு அதே இட்லி, அதே கூழ். நான் சொன்ன எல்லாவற்றிலும் நீங்கள் ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ராத்திரி அதிகம் தின்றதற்காகக் காலையை விடுவதுதான் இந்தச் சக்கரத்தைச் சுற்றி விடுகிறது. பசியாத காலையிலும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டால் அடுத்த ராத்திரி தானாகத் தணியும்.

எடை பார்க்கும் மெஷினில் மூன்று மாதம் ஏறாதீர்கள். எடை குறையும் என்று நான் இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன். ராத்திரித் தீனி நின்று உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம், அதுவும் நீங்கள் விரும்பினால் மட்டும்.

உங்கள் மகள்.

11 வயது என்பது எலும்பும் உயரமும் ஓடி வளரும் வயது. வயதுக்கு வரும் நேரம். அந்த உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆவதே வளர்ச்சிக்கான தயாரிப்பு. அவளைத் திட்டாதீர்கள், டப்பாவைப் பற்றிப் பெரிய பேச்சும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலையைப் பின்னிவிடும்போது சொல்லுங்கள்: "அம்மா மூணு வருஷமா சரியா சாப்பிடாம இருந்தேன் கண்ணு. அது சாமிக்காகன்னு நினைச்சேன். உடம்பு ரொம்பக் கெட்டுப்போச்சு. இனிமே அம்மா வேளைக்குச் சாப்பிடப் போறேன். நீயும் என்கூட உக்காரு." இவ்வளவு போதும். அவளுக்கு நீங்கள் நூறு முறை சாப்பிடச் சொல்வதைவிட, ஆறரை மணிக்கு அவள் கண் முன்னால் இரண்டு இட்லி சாப்பிடுவதுதான் நிற்கும். அவள் முன்னால் உங்கள் உடம்பைப் பழித்துப் பேசாதீர்கள். உறவுக்காரர் யாராவது அவளைக் குண்டு, ஒல்லி என்று பேசினால், "எங்க வீட்ல பிள்ளைங்க உடம்பைப் பத்திப் பேசறதில்லைங்க" என்று அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்லுங்கள். அன்று போட்டோ எடுக்கும்போது உங்களுக்காக யாரும் சொல்லாததை அவளுக்காக நீங்கள் சொல்ல முடியும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை அவள் போடுகிறாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டப்பா மறுபடி மறுபடி திறக்காமல் வந்தால், மெலிந்துகொண்டே போனால், காத்திருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. "ரத்தம் குறைஞ்சு போச்சுங்க அத்தை, ஆறு மாசம் விரதம் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. ஊரெல்லாம் உங்களைப் பெருமையாகப் பேசுகிறவர், நீங்கள் மயங்கி விழ வேண்டும் என்று நினைக்க மாட்டார். முடிந்தால் ஒன்று கேளுங்கள்: ராத்திரி சாப்பாட்டுக்கு அவரும் உங்களோடு உட்காரட்டும். அந்த அம்மாவும் இத்தனை வருடம் எங்கே நின்று சாப்பிட்டாரோ, நமக்குத் தெரியாது. கணவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். வெளியூரில் இருந்தாலும் போனில் சொல்லுங்கள், அடுப்படி இருட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. 9.2 என்பது நடுத்தர அளவு. மூச்சு வாங்குவது, படியேறினால் படபடப்பு, முடி கொட்டுவது எல்லாம் அதிலிருந்தும் வரலாம். கீரையால் மட்டும் இதை ஏற்றிவிட முடியாது, இரும்புச் சத்து மாத்திரை வேண்டும். எத்தனை நாள், எந்த அளவு என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சொல்வார், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். மாத்திரை போடும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். மாதவிலக்கு தள்ளிப்போவதற்குப் பட்டினி ஒரு காரணம், தைராய்டும் காரணமாகலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு மருத்துவரையும் பார்க்க வேண்டும். நிறுத்த முடியாமல் தின்பதும், மறுநாள் பட்டினி கிடந்து அதை ஈடுகட்டுவதும் வாரம் ஒரு முறை வீதம் மூன்று மாதம் தொடர்ந்தாலே அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, புலிமியா என்பார்கள். வாந்தி எடுப்பவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். பட்டினியும் அதில் சேர்த்திதான். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் முடிவு கட்ட மாட்டேன், நேரில் பார்த்து மனநல மருத்துவர் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரையும் எழுப்புங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எந்த விரதமும் இருக்காதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆறு மாதம் கழித்து, ராத்திரிகள் அமைதியாகி, ரத்தமும் ஏறிய பிறகு, மனநல மருத்துவரும் சரி என்றால், ஒரு கிருத்திகைக்கு ஒருபொழுது இருந்து பார்க்கலாம். எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், என்ன சமைப்பீர்கள், யாரோடு உட்காருவீர்கள் என்று முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். உங்களுக்கு இலை முதலில் விழ வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வீட்டில் விரதமும் வேண்டாம்.

வருகிற வாரம் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள், முகாமில் கொடுத்த சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கப் போகிறோமே என்று வெறும் வயிற்றோடு போய்விடாதீர்கள். ஹீமோகுளோபினுக்கும் தைராய்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள்.